ஆரஞ்சுக் கோட்டுக்கு ஒரு கால்

வீடியோ விளையாட்டு டிரம்மில் முதலில் போவது பெடல்தான். பேடுகள் தாங்கும். ரப்பர் தேயும், குச்சி பட்டுப் பட்டு ஓரம் வெளுக்கும், ஆனாலும் வருஷக்கணக்கில் வேலை செய்யும். கையால் அடிக்கிற அடியில் குச்சியின் எடையும் மணிக்கட்டின் வீச்சும்தான் இருக்கின்றன. காலில் அப்படியில்லை. தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று ஒரு முழுக் காலின் பாரமும் ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டின் மேல் இறங்குகிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பு உள்ள ஒரு பாட்டில் துடிப்புக்கு இரண்டு மிதி என்று வைத்தால் வினாடிக்கு 4. நான்கு நிமிடம் விடாமல் மிதித்தால் 960. எந்தப் பாட்டும் அப்படி விடாமல் மிதிக்கச் சொல்வதில்லை. பாதி என்று கொண்டாலும், ஒரு சாயங்காலம் 10 பாட்டு வாசிக்கிற வீட்டில் அந்தத் தட்டு 4,800 தடவை கீழே போய் மேலே வருகிறது. எந்தப் பிளாஸ்டிக்கும் இதை எளிதில் மன்னிக்காது.

எனக்கு இது பிடிபட ஆரம்பித்தது 2009இல், மேசச்சூசெட்ஸில். பாஸ்டனை ஒட்டிய சாமர்வில்லில், மூன்றடுக்கு மரவீடு ஒன்றின் நடுத்தளத்தில் மூன்று தமிழ்ப் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். அந்தப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் தெருத்தெருவாக நிற்கும். ஒரே அளவில் மூன்று தளம், தளத்துக்கு ஒரு குடித்தனம், சுவரும் மரம், தரையும் மரம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், போர்ச்சுக்கலிலிருந்து வந்து அங்கேயே முதுமையை எட்டியவர். மேல்தளத்தில் ஒரு டிரம்மர். பகலில் காப்பிக்கடை வேலை, ராத்திரியில் ஏதாவது ஒரு பாரில் வாசிப்பு. எங்களுக்குள் அவர் மாடி அக்கா.

பாஸ்டன் வட்டாரத்தில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பர் 1ஆம் தேதி மாறும். அன்றைக்கு ஊரே வீடு மாற்றும். நடைபாதையெல்லாம் மெத்தையும் மேசையும் விளக்குமாகக் கிடக்கும். அப்படிக் காலி செய்துகொண்டிருந்த ஒரு மாணவரிடம் ராக் பேண்ட் விளையாட்டையும் டிரம் கிட்டையும் சொற்ப விலைக்கு வாங்கினோம். கிட்டோடு வந்தது அதன் சொந்தப் பெடல் அல்ல. வேறு யாரோ செய்து விற்ற மாற்றுப் பெடல், பெயரே தேய்ந்துபோயிருந்தது.

அந்த விளையாட்டு பிறந்த இடம் பக்கத்திலேயே இருந்தது. எம்.ஐ.டி. மீடியா லேபில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸும் எரன் எகோசியும் 1995இல் தொடங்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனம் அப்போது கேம்பிரிட்ஜின் சென்ட்ரல் ஸ்கொயரில்தான் இயங்கியது. நான் கல்லூரிக்குப் போகும் வழி அது. வாத்தியம் கற்காதவருக்கும் வாசிக்கிற இன்பம் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 2005இல் கிட்டார் ஹீரோ, 2007 நவம்பரில் ராக் பேண்ட். கிட்டாரில் ஐந்து பொத்தானை அமுக்குவதற்கும் ஆறு தந்தியில் விரல் வைப்பதற்கும் வெகு தூரம். டிரம்மில் அந்தத் தூரம் குறைவு என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வலது கை ஒன்று செய்ய, இடது கை வேறொன்று செய்ய, கால் மூன்றாவதாக ஒன்று செய்ய வேண்டும். மேடையில் டிரம்மர் படுகிற பாடும் இதேதான். விளையாட்டு இதில் பாசாங்கு எதுவும் செய்யவில்லை.

திரையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு தடம். கைக்கான அடிகள் அந்தந்தத் தடத்தில் சிறு கட்டைகளாக வரும். காலுக்கானது மட்டும் நான்கு தடத்தையும் குறுக்கே மூடி ஒரு ஆரஞ்சுக் கோடாக வரும். பழகாத கண் கட்டைகளைப் பார்க்கும், கோட்டைப் பார்க்காது. பழகிய கண்ணுக்குக் கோடுதான் முதலில் தெரியும். கைகள் அதன் மேல் ஏறி உட்காரும்.

முதல் பிரச்சினை தரை. மரத்தளத்தில் பெடலின் ஒவ்வொரு மிதியும் கீழ்வீட்டுக் கூரையில் இடியாக இறங்கும். பாட்டுச் சத்தம் கீழே போகாது, டிவியைக் குறைத்துவிடலாம். மிதிச் சத்தம் உத்தரம் வழியாகப் போகிறது, அதைக் குறைக்க எந்தப் பொத்தானும் இல்லை. "ஏன்டி, கீழ தாத்தா கதவைத் தட்டறாரு, கொஞ்சம் நிறுத்துடி" என்று கோயம்புத்தூர்த் தோழி அடுக்களையிலிருந்து கத்துவாள். பெரியவர் கோபக்காரர் இல்லை. எந்த நேரத்தில் மிதிக்கிறோம் என்று கேட்டுத் தன் மதியத் தூக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்குக் கைம்மாறாக ஒரு பிளைவுட் பலகையை வாங்கி, அடியில் யோகா விரிப்பை மடித்து ஒட்டி, அதன் மேல் பெடலை வைத்தோம். இடி பெருமளவு அடங்கியது. பெடல் முன்னால் நழுவி ஓடுவதும் நின்றது, ஏனென்றால் பலகையோடு அதைப் பட்டையால் கட்டிவிட்டோம். நழுவுகிற பெடலை இழுத்து இழுத்து வாசிக்கிற காலுக்கு ஒருநாளும் தாளம் நிலைக்காது.

இரண்டாவது பிரச்சினை உட்காரும் இடம். எல்லா வீட்டிலும் சோபாவில் உட்கார்ந்துதான் வாசிக்கத் தொடங்குவார்கள். சோபா தாழ்வானது. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் தொடையை மேல்நோக்கித் தூக்க வேண்டியிருக்கும். இரண்டே பாட்டில் இடுப்பு மூட்டின் முன்பக்கம் கல்லாகிவிடும். தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருக்கிற உயரத்தில் உட்கார்ந்தால் காலின் எடை தானாகவே பெடலைத் தேடிப் போகும். எங்கள் வீட்டில் அந்த உயரத்துக்கு இருந்தது ஒரு அடுக்களை ஸ்டூல், அதன் மேல் ஒரு தலையணை.

மாடி அக்கா ஒருநாள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். நாங்கள் திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்க, அவர் திரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து என் காலையே பார்த்தார். பாட்டு முடிந்ததும் அவர் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. மிதித்த பிறகு கால் ஏன் அங்கேயே நிற்கிறது என்று கேட்டார்.

அங்கிருந்துதான் எனக்குக் கால் என்பது ஒரு படிப்பாக ஆனது. டிரம்மர்கள் காலை இரண்டு விதமாக வைப்பார்கள். குதிகாலை ஊன்றி, கணுக்காலை மட்டும் அசைத்து மிதிப்பது ஒன்று. குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் நின்று, தொடையிலிருந்து காலை இறக்குவது இன்னொன்று. ஊன்றி மிதித்தால் ஓசை மெல்லியது, கட்டுப்பாடு அதிகம். முழங்காலுக்குக் கீழே கணைக்காலின் முன்பக்கத் தசை எரியும், பாதத்தைத் திரும்பத் தூக்குகிற வேலை அதனுடையது. தூக்கி மிதித்தால் வலு அதிகம். பெருமேடையில் ராக் வாசிக்கிற பலரும் இப்படித்தான். 1909இல் சிகாகோவில் வில்லியம் லட்விக் நல்லபடியாக வேலை செய்யும் பேஸ் டிரம் பெடலைச் செய்த நாளிலிருந்து, மிதித்தால் ஒரு சுத்தியல் தோலில் போய் அடிக்கும், தோல் அதைத் திருப்பி எறியும். காலுக்குத் தோல் பதில் சொல்கிறது. பலமாக மிதித்தால் பலமான ஓசை.

விளையாட்டுப் பெடலில் தோல் இல்லை. எங்கள் பெடலை அடுக்களை மேசையில் குப்புறப் போட்டுத் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். குதிகால் பக்கம் ஒரு கீல். நடுவில் ஒரு ஸ்பிரிங். தட்டின் அடியில் ஒரு காந்தம், குச்சி ஐஸின் முனை அளவு. அதற்கு நேர் கீழே அடித்தளத்தில், நெல்மணியைவிடச் சற்று நீளமான ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள், ஒன்றையொன்று தொடாமல் நுனியில் மயிரிழை இடைவெளி விட்டு. இதுதான் ரீட் சுவிட்ச். காந்தம் கிட்டே வந்தால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும். ஒரு மெல்லிய கம்பி அந்தச் செய்தியைக் கிட்டுக்குக் கொண்டுபோகிறது.

இதைக் கண்ணால் பார்த்ததும் மாடி அக்காவின் கேள்விக்கு அர்த்தம் விளங்கியது. இந்தப் பெடலுக்கு விசை தெரியாது. தட்டு ஒரு எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். மெல்லத் தாண்டினாலும் ஒன்றுதான், இடித்துத் தாண்டினாலும் ஒன்றுதான். ஒலிபெருக்கியில் வருகிற பேஸ் டிரம் ஓசை ஏற்கெனவே பதிவான ஓசை. எல்லையைத் தாண்டிய பிறகு காலில் மிச்சமிருக்கிற பலம் முழுவதும் எங்கே போகிறது? தட்டை வளைக்கப் போகிறது. குதிகால் பக்கம் கீல் தாங்குகிறது, விரல் பக்கம் அடித்தளம் தாங்குகிறது, நடுவில் முன்பாதம் அழுத்துகிறது. இரு முனையும் தாங்கப்பட்ட தட்டு நடுவில் அழுத்தினால்தான் அதிகபட்சமாக வளையும் என்பது பொறியியல் முதலாண்டுப் பாடம். வளையும்போது மேற்பரப்பு நெருங்குகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. இழுபடுகிற பக்கத்தில், விறைப்புக்காக வைத்த நரம்புகள் சந்திக்கும் கூரான மூலையில், விரிசல் பிறக்கும். ஒரே மிதியில் எதுவும் முறிவதில்லை. ஆயிரக்கணக்கான வளைவுகள் சேர்ந்துதான் முறிக்கின்றன.

எங்கள் பெடலில் விரிசல் அங்கேயே இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில், இடது நரம்பின் ஓரத்திலிருந்து கிளம்பி, நடுவை நோக்கி வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் வருடினால் தட்டுப்படும்.

இது பல வீட்டுக் கிட்டுகளும் சந்தித்த சங்கடம். 1999இல் கொனாமி விளையாட்டுக்கூடங்களுக்காகச் செய்த டிரம்மேனியாவில் யமஹாவின் மின் டிரம் பேடுகளே இருந்தன. ஊரார் கால்கள் எல்லாம் மிதிப்பதற்கென்று கட்டப்பட்ட கனத்த இயந்திரம் அது. வீட்டுக் கிட்டோ அட்டைப்பெட்டிக்குள் அடங்க வேண்டும். ராக் பேண்ட் முதலில் வந்தபோது கிட்டார், டிரம், மைக், விளையாட்டு எல்லாம் சேர்த்து 170 டாலர். உண்மையான நல்ல பேஸ் டிரம் பெடல் ஒன்று மட்டுமே ஏறக்குறைய அந்த விலைக்கு வரும். அந்தக் கணக்கில் பெடலுக்கு எவ்வளவு உலோகம் ஒதுக்க முடியும்? 2008இல் வந்த இரண்டாம் பதிப்பின் கிட்டில் பெடல் தட்டுக்கு உலோகம் சேர்த்தார்கள். அது சரியான முடிவு. கடைகளில் தனியாகவும் உலோகத் தட்டுகள் விற்பனைக்கு வந்தன.

நாங்கள் நாங்களே செய்துகொண்டோம். விரிசல் முடிகிற நுனியைத் தேடி, அங்கே மிகச் சிறிய துளையொன்று போட வேண்டும். விரிசலின் நுனி கூராக இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். வட்டத் துளைக்குள் போய் விழுந்தால் கூர் மழுங்கி நிற்கும். விமானத் தகடுகளிலும் தற்காலிகமாக இதைச் செய்வார்கள். பிறகு எபாக்சி பசை. அதன் மேல் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றைத் தட்டின் அளவுக்கே வெட்டி, நான்கு மூலையிலும் திருகு, அடியில் அகலமான வாஷர். திருகுத் துளைகளை நடுப்பகுதியில் போடக் கூடாது. எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே இன்னொரு துளை போட்டால் இன்னொரு விரிசலுக்கு வாசல் திறந்ததாகிவிடும். ஓரங்களை அரம் வைத்து நன்றாகத் தேய்த்தேன், ஏனென்றால் நாங்கள் வெறுங்காலோடு வாசிப்பவர்கள். வீட்டுக்குள் செருப்புப் போடாத பழக்கம் அந்த ஊரிலும் மாறவில்லை. ஜனவரியில் அந்த அலுமினியத்தில் வெறும் பாதத்தை வைக்கும்போது பல் கிட்டும். மூன்றாவது பாட்டுக்குள் பாதத்தின் சூடு அதற்கு ஏறிவிடும்.

தகட்டால் பெடல் பிழைத்தது என்று சொல்வது பாதி உண்மை. மீதியைக் கால் செய்தது. மாடி அக்கா சொல்லிக் கொடுத்தபடி இரண்டு விஷயங்களை மாற்றினேன். முன்பாதத்தைத் தட்டின் நடுவிலிருந்து விரல் பக்கமாக நகர்த்தினேன். அங்கே அழுத்தினால் பாரம் நேராக அடித்தளத்துக்குப் போய்விடும், தட்டு வளைவது வெகுவாகக் குறையும். கால் சற்று அதிக தூரம் பயணிக்க வேண்டும், ஆனால் தேவைப்படும் பலம் குறைவு. அடுத்தது, தொட்டவுடன் விடுவது. மிதிப்பதை ஒரு வேலையாகவும் தூக்குவதை இன்னொரு வேலையாகவும் செய்யாமல், தட்டு எல்லையைத் தொட்ட கணமே ஸ்பிரிங் காலைத் தூக்க விட்டுவிடுவது.

இதில் பெடலுக்கும் லாபம், வாசிப்பவருக்கும் லாபம். அடுத்த மிதி பதிவாக வேண்டுமானால் சுவிட்ச் முதலில் பிரிய வேண்டும். அழுத்தி நின்ற கால் அடுத்த ஆரஞ்சுக் கோட்டுக்குத் தாமதமாகத்தான் எழும். வேகமான பாட்டுகளில் கோடு தவறுகிறது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இன்னும் பலமாக மிதிப்பார்கள். பலம் கூடக் கூட விடுபடும் நேரம் நீள்கிறது, இன்னும் தவறும், தட்டும் இன்னும் வளையும். பெடலைக் காப்பாற்றுகிற கால்தான் வேகமாகவும் வாசிக்கிறது. விளையாட்டு டிரம்மைப் பற்றி நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

காந்தத்தோடு சில வாரங்கள் மல்லுக்கட்டினேன். அதற்கும் தட்டுக்கும் இடையில் ஒரு அட்டைத் துண்டை வைத்துச் சுவிட்சுக்கு அருகே கொண்டுவந்தால், காலைச் சிறிது இறக்கினாலே பதிவாகும். ஒற்றை மிதிகள் சொகுசாக வந்தன. இரட்டை மிதியில், இரண்டாவது காணாமல் போனது. காரணம் அந்த உலோக நாக்குகளின் சுபாவம்: ஒட்டிக்கொள்வதற்குக் காந்தம் எவ்வளவு கிட்டே வர வேண்டுமோ, பிரிவதற்கு அதைவிட அதிக தூரம் விலகிப் போக வேண்டும். அட்டை தடித்தால் காந்தம் எப்போதும் கிட்டேயே இருக்கிறது. கால் நன்றாக மேலே எழுந்தால்தான் சுவிட்ச் பிரியும். அட்டையைப் பாதியாக உரித்து, பிறகு அதிலும் பாதியாக உரித்து, கடைசியில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் காகிதத்தின் தடிமனில் நிறுத்தினேன். அந்த அளவில் என் காலுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒத்துப்போனது. வேறொருவர் காலுக்கு வேறு அளவாக இருக்கும்.

இரட்டை மிதிக்குப் பல வழிகள் உண்டு. முன்பாதத்தால் ஒன்று மிதித்து, பாதத்தை அப்படியே முன்னால் சறுக்கிவிட்டு இரண்டாவதைப் பிடிப்பது ஒன்று. லெட் செப்பலினின் ஜான் பான்ஹம் 1969இல் 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டில் ஒற்றைப் பெடலில் உருட்டிய மிதிகளைக் கேட்டு இரண்டு பெடல் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் ஏராளம். அந்தப் பாட்டு எங்கள் விளையாட்டில் இல்லை. மாடி அக்கா தன் கைப்பேசியில் போட்டுக் காட்டி, கேட்டுக்கொண்டே காலை மட்டும் அசைக்கச் சொன்னார். சறுக்குவதற்கு வெறுங்கால் ஒத்துழைக்காது, வியர்த்துத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பருத்திக் காலுறை போட்ட பிறகுதான் வந்தது.

இன்னொன்று குதிகால்-விரல் முறை. குதிகாலால் ஒரு மிதி, விரல்களால் அடுத்தது. இதை அக்கா செய்து காட்டியபோது என் கால் அதை முன்பே அறிந்ததுபோல் பிடித்துக்கொண்டது. ஊரில் அம்மாவின் தையல் மெஷினில் சிறுவயதில் மிதித்துப் பழகிய கால் அது: குதிகால், விரல், குதிகால், விரல் என்று ஒரே சீராக, சக்கரம் பின்னால் போகாமல். கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும், தொடை சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் தையல்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வது. ஒரு வித்தியாசம் உண்டு. தையல் மெஷினின் மிதிபலகை நடுவில் ஆடுகிறது, குதிகாலை அழுத்தினால் விரல் பக்கம் எழும். டிரம் பெடலின் கீல் குதிகால் பக்கம் இருக்கிறது. குதிகாலால் அடிப்பதென்றால் பாதம் முழுவதையும் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு விழ வேண்டும். அந்த இடமாற்றம் பழக எனக்குப் பனிக்காலம் முழுவதும் பிடித்தது. வந்த பிறகு, பலம் இல்லாமல் வேகம் என்றால் என்னவென்று காலுக்கே தெரிந்துவிட்டது.

ஃபூ ஃபைட்டர்ஸின் 'எவர்லாங்' ராக் பேண்டின் இரண்டாம் பதிப்பில் இருந்தது. இரண்டு கையும் ஹை-ஹேட் என்ற இரட்டைத் தாளத்தட்டில் ஓயாமல் ஓடும், கால் அந்த ஓட்டத்துக்குள் தன் இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை முழுதாக வாசித்த ராத்திரி அறைத்தோழிகள் இருவரும் சமையலை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். அதற்கப்பால் இருந்தது 'விஷன்ஸ்'. மேசச்சூசெட்ஸைச் சேர்ந்த அப்நார்மாலிட்டி என்ற டெத் மெட்டல் குழுவின் பாட்டு. இரண்டு பெடல் வைத்து வாசிக்கிறவர்களின் இசையை ஒற்றைப் பெடலில் கேட்கிறது விளையாட்டு. நான் அதன் பக்கம் போய் வந்துகொண்டிருந்தேன், முடித்ததில்லை; அந்த மாதிரி மிதிக்கு ஒரு கால் போதும் என்று நான் நினைக்கவும் இல்லை. 2009இல் வந்த கிட்டார் ஹீரோ மெட்டாலிக்கா இரட்டைப் பெடல் மிதிகளுக்கென்றே தனி நிலை வைத்தது. 2010இல் டிரம்மேனியா எக்ஸ்ஜி இடது பெடலைச் சேர்த்தது. அதே ஆண்டு ராக் பேண்டின் மூன்றாம் பதிப்பு, இரண்டாவது பெடலை ஹை-ஹேட்டாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றது. விளையாட்டுகளுக்கும் அப்போதுதான் இடது கால் நினைவுக்கு வந்தது.

இடது காலின் அருமை எனக்கு முதலில் தெரிந்தது நிஜ டிரம்மின் முன்னால். மாடி அக்காவின் குழு ஒரு கட்டடத்தின் நிலவறையில் மணிக்கணக்குக்கு அறை எடுத்து ஒத்திகை பார்க்கும். ஒருநாள் நேரம் மிச்சமிருக்கிறது என்று என்னையும் அழைத்துப்போய் உட்கார வைத்தார். ஸ்டூல் உயரத்தை நானே சரிசெய்தேன், அக்கா தலையசைத்தார். வலது கால் நேராகப் போய்ப் பெடலில் உட்கார்ந்தது. மிதித்தேன். தோலிலிருந்து வந்த எதிர்வீச்சு பாதத்தின் அடியில் உதைத்தது. பிளாஸ்டிக் ஒருபோதும் தராத பதில் அது. தாளம் நிலைத்தது. கை ஒன்று, கால் ஒன்று என்று பிரிந்து வாசிப்பதும் கைகூடியது. விளையாட்டில் கற்றது வீண்போகவில்லை. ஓசையோ மிக மெல்லியதாக இருந்தது. விசை தெரியாத பெடலில் பழகிய கால் விசை தரப் பழகியிருக்கவில்லை. அக்கா ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, சுத்தியலைத் தோலில் புதைக்காமல், அதே மாதிரி தொட்டு விட்டு, ஆனால் உயரத்திலிருந்து விழவிட்டு வாசிக்கச் சொன்னார். பலம் அழுத்துவதிலிருந்து வருவதில்லை, விழும் தூரத்திலிருந்து வருகிறது என்று காதால் கேட்டுப் புரிந்தது.

இடது காலோ ஹை-ஹேட் பெடலின் மேல் வைத்தபடியே கிடந்தது. அதற்கு யாரும் வேலை கொடுத்திருக்கவில்லை. அக்கா அதைத் துடிப்புக்கு ஒரு தடவை மூடித் திறக்கச் சொன்னதும் வலது காலும் அதோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது, கைகளும் குழம்பின.

அந்த மரவீட்டை விட்டு வந்து பல வருஷங்கள் ஆகின்றன. ராக் பேண்டின் நான்காம் பதிப்புக்குக் கிட்டுகளைச் செய்த மேட் கேட்ஸ் நிறுவனம் 2017இல் திவாலானது. 2024 ஜனவரியோடு ராக் பேண்டுக்குப் புதுப் பாட்டுகள் வருவதும் நின்றது. இருக்கிற பெடல்களை இனி வைத்திருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். க்ளோன் ஹீரோ போன்ற இலவச விளையாட்டுகள் இருப்பதால் வாசிக்கப் பாட்டுக்குப் பஞ்சமில்லை, மின் டிரம்மின் நிஜப் பெடலைக் கணினியோடு இணைத்தும் வாசிக்கலாம். அப்படி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஆனாலும் தகடு போட்ட அந்தப் பழைய பெடலை வலது பக்கமே வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சுவிட்சை மாற்றியாயிற்று, ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று. நான்கு திருகுகளையும் அவ்வப்போது இறுக்குகிறேன். நிறுத்தின இடத்திலிருந்து விரிசல் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

இடது பக்கத்துக்கு இப்போது இன்னொரு பெடல் வாங்கியிருக்கிறேன். வாங்கின நாளிலேயே அதற்கும் தகடு பொருத்திவிட்டேன். பாட்டு எதுவும் போடாமல், மெட்ரோனோமை 60இல் வைத்து, துடிப்புக்கு ஒன்று, குதிகால் ஊன்றி. கணைக்காலின் முன்பக்கம் எரிகிறது. ஸ்டூலை இரண்டு விரற்கடை உயர்த்தினேன், சற்றுத் தேவலை. அடுத்த வாரம் 66.